குருணி எடுக்க முழுக் கதவையும் திரும்ப அடிக்கத் தேவையில்லை: கார் பெயின்ற்றுக்கு சாண்டிங் புளொக் பாவிக்கிற முழு வழிகாட்டி

போன ஆடி மாசம் என்ர ஓல்ட்டோவின்ர இடப்பக்கப் பின்கதவை ஒரு கராஜில குடுத்து பெயின்ற் அடிச்சு எடுத்தனான். ஒழுங்கைக்குள்ள எதிர லாண்ட்மாஸ்டர் ஒண்டு வர, விலத்துவம் எண்டு வேலிக்கரைக்கு எடுத்து, கிளுவைக் கதியாலோட உரசின வினை. கலர் அச்சொட்டா வந்திருந்தது, அதில குறை சொல்லேலாது, ஆனா வீட்ட கொண்டுவந்து பின்னேர வெய்யிலில தலையைச் சரிச்சுப் பாத்தால் கதவு முழுக்க குருணி குருணியா நிக்குது. விரல் வைச்சு எண்ணினன், பதினொண்டு. சோளகம் வீசுற மாசத்தில தகரக் கொட்டிலுக்குள்ள வைச்சு ஸ்பிறே அடிச்சால் செம்பாட்டுப் புழுதி ஈரப் பெயின்ற்றில வந்து குந்தாமல் வேற எங்க போய்க் குந்தும். கொண்டுபோய்க் காட்டினால் "பாவிக்கப் பாவிக்கப் போயிடும் தம்பி" எண்டினம். போகாது. கலருக்கு மேல அடிக்கிற கிளியருக்குள்ள மூடுப்பட்ட தூசி தன்பாட்டில போகாது, தேச்சுத்தான் எடுக்கவேணும்.

தேய்க்கிறது எண்டவுடன கனபேர் வோட்டர் பேப்பரை (தண்ணியில நனைச்சுத் தேய்க்கிற உரக்கடதாசி) நாலா மடிச்சு விரலில பிடிச்சுக்கொண்டு உரஞ்சத் தொடங்கிவிடுவினம். நானும் அப்பிடிச் செய்து ஒரு பொனற்றைக் கெடுத்தவன்தான், அந்தக் கதை பிறகு வரும். இது விரலால செய்யிற வேலை இல்லை, புளொக்கால செய்யிற வேலை, ஏன் எண்டு விளங்கினாத்தான் மிச்சம் எல்லாம் விளங்கும், அதால அதில இருந்தே தொடங்குவம்.

பெயின்ற் எவ்வளவு மொத்தம்?

கொம்பனியில அடிச்ச கார் ஒண்டில தகரத்துக்கு மேல நாலு படை இருக்கும். துருவுக்கு ஒண்டு, அதுக்கு மேல பிறைமர், அதுக்கு மேல கலர், கடைசியா கண்ணாடி மாதிரி கிளியர். நாலும் சேத்து பொதுவா 100 இல இருந்து 150 மைக்கிரோன் வரும். ஒரு மைக்கிரோன் எண்டுறது மில்லிமீற்றரில ஆயிரத்தில ஒரு பங்கு. இதில நாங்கள் கை வைக்கிற கிளியர் 35 இல இருந்து 50 மைக்கிரோன் மட்டும்தான், ஒரு தலைமயிரின்ர மொத்தத்தில பாதி எண்டு வைச்சுக்கொள்ளுங்கோ. அந்தப் பாதி மயிரையும் முழுசாத் தேய்க்கேலாது, வெய்யிலைத் தாங்கிற சரக்கு அந்தக் கிளியருக்குள்ளதான் இருக்கு, அதை மெலிசாக்கி விட்டால் அண்டைக்கு வடிவா மினுங்கும், சில வருஷத்தில பொனற்றும் கூரையும் வெள்ளை வெள்ளையா உரியத் தொடங்கும். யாழ்ப்பாணம் ஆஸ்பத்திரி வீதிப் பக்கம் அரை மணித்தியாலம் நிண்டால் அப்பிடி உரிஞ்ச கூரையளை நீங்களே எண்ணலாம்.

இப்ப குருணிக்கு வருவம். குருணி எண்டுறது மட்டத்துக்கு மேல நிக்கிற சின்னக் கும்பி. அந்தக் கும்பியை மட்டும் சீவி எடுத்துப்போட்டு சுத்தி இருக்கிறதைத் தொடாமல் விட்டால் வேலை முடிஞ்சுது. விரல் மெத்தெண்டு இருக்கு, அது கும்பியையும் தேய்க்கும், அதுக்குப் பக்கத்துப் பள்ளத்துக்குள்ளயும் இறங்கித் தேய்க்கும், கடைசியில குருணி அப்பிடியே நிக்க அதைச் சுத்தி ஒரு குழி விழும். கட்டியான, தட்டையான புளொக் எண்டால் அது கும்பியின்ர உச்சியில மட்டும்தான் முட்டும். மேசன் பூச்சு இழுத்துப்போட்டு மட்டப்பலகை பிடிக்கிறது இதுக்குத்தான், கையால தடவினால் சுவர் மட்டமா வருமோ?

எதைத் தொடலாம், எதை விடவேணும்

முதல் வேலை வண்டியைக் கழுவிப்போட்டு ரோச் லைற்றை பக்கவாட்டில சரிச்சுப் பிடிச்சுப் பாக்கிறது. நேர பிடிச்சால் ஒண்டும் தெரியாது. பிறகு விரல் நகத்தால மெல்லமா வருடிப் பாருங்கோ.

மட்டத்துக்கு மேல நிக்கிறது எதுவும் புளொக்குக்கு நல்லது: தூசிக் குருணி, பெயின்ற் வழிஞ்சு நிக்கிற சொட்டு, டச்-அப் (பறிஞ்ச இடத்துக்கு மட்டும் தொட்டு வைக்கிற பெயின்ற்) வைச்ச இடத்தில முட்டிக்கொண்டு நிக்கிற பொட்டு, தோடம்பழத் தோல் மாதிரி சொரசொரப்பா வந்த கிளியர். கீழ இறங்கினதுதான் கஷ்டம். கீறலில தண்ணி தடவினவுடன மறைஞ்சு, நகமும் தட்டுப்படாட்டி அது கிளியரின்ர மேல்படையில, அதை எடுக்கலாம். நகம் போய் மாட்டுப்பட்டால் அதைத் தேச்சு எடுக்க நினைக்காதேங்கோ, கீறலின்ர அடிமட்டும் கிளியரைக் குறைக்கவேணும், அவ்வளவு கிளியர் உங்களிட்ட இல்லை. கீறலுக்குள்ள பிறைமரோ தகரமோ தெரிஞ்சால் அதுக்கு பெயின்ற்தான் மருந்து.

உரியத் தொடங்கின கிளியர், உள்ளுக்குத் துரு ஊதிக்கொண்டு வாற இடம், இது ரெண்டையும் தொடவேண்டாம். பண்ணைப் பாலத்தால தீவுப்பக்கம் நாளாந்தம் ஓடுற வண்டியளில கதவின்ர அடிக்கரை சின்னனா கொப்பளிச்சு நிக்கும், பாக்க குருணி மாதிரித்தான் இருக்கும். அது உப்புக்காத்துத் துரு, தேச்சீங்கள் எண்டால் ஓட்டைதான் வெளியால வரும்.

இன்னொண்டு. 2020 இல இலங்கையில வாகன இறக்குமதியை நிப்பாட்டினதில இருந்து 2025 தொடக்கத்தில திரும்ப விடுமட்டும் எங்கட சனம் இருந்த வண்டியளைத்தான் அடிச்சு அடிச்சு ஓட்டினது. அதால நீங்கள் செக்கன்ட் ஹாண்டா வாங்கின காரில எந்தக் கதவு கொம்பனிப் பெயின்ற், எது கராஜ் பெயின்ற், அதுக்கு மேல கிளியர் இருக்கோ எண்டு ஒருத்தருக்கும் தெரியாது. சோதிக்கிறது லேசு. கதவைத் திறந்து உள்கரையில வெள்ளைத் துணியில கொஞ்சம் கட்டிங் கொம்பவுண்ட் (பெயின்ற்றைத் தேச்சு மினுக்கிற பசை) வைச்சுத் தேச்சுப் பாருங்கோ, துணியில காரின்ர கலர் ஏறினால் மேல கிளியர் இல்லை. அதே மறைவான இடத்தில பஞ்சில தின்னர் தொட்டு வைக்க பெயின்ற் இளகி ஒட்டினால் அது பழைய என்.சி பெயின்ற் (தின்னர் ஆவியாகிக் காயிறது), 2கே (ஹார்ட்னர் கலந்து அடிக்கிறது) எண்டால் காய்ஞ்ச பிறகு அப்பிடி இளகாது. போர்க்காலத்தில மண்ணெண்ணெயில ஓடின பழைய கார்கள், ஒஸ்ரின் ஏ40, மொறிஸ் மைனர் எல்லாம் வைச்சிருக்கிற ஆக்களுக்கு இது முக்கியம், அதுகளில கனக்கவும் கிளியர் இல்லாத ஒரே படைப் பெயின்ற்தான். மாமாவின்ர நீல மைனரை நான் முதல்முதலாத் தேய்க்கேக்க வாளித் தண்ணி நீலம் போட்ட தண்ணி மாதிரி வர அவர் கதிரையில இருந்து எழும்பி வந்திட்டார். "டேய், கலர் எல்லாம் வாளிக்குள்ள நிக்குது, காரில என்னடா மிச்சம்?" ஒரே படையில அது வழமை, பயப்பிடத் தேவையில்லை.

புளொக்கும் மிச்சச் சாமானும்

ரெண்டு விதம் இருக்கு. ஒண்டு, தேய்க்கிற துகளையே கட்டியா வார்த்துச் செய்த புளொக், நெருப்புப் பெட்டி அளவில வரும், 1500, 2000, 2500, 3000 எண்டு நம்பர் போட்டிருக்கும், நம்பர் கூடக் கூடத் துகள் நுணுக்கம். யாழ்ப்பாணத்தில எல்லாக் கடையிலயும் கிடையாது, கொழும்பில இருந்து எடுப்பிக்க வேண்டி வரலாம். மற்றது, கட்டியான ஏதாவது ஒண்டில வோட்டர் பேப்பரைச் சுத்திப் பிடிக்கிறது. ஸ்ரான்லி வீதி ஹாட்வெயாரில ரப்பர் புளொக் கேட்டால் தருவினம், ஆனா அது சுவருக்கும் மரத்துக்கும் எண்டு பெருசா இருக்கும். ஒரு குருணிக்கு அவ்வளவு பெருசு தேவையில்லை. நான் பாவிக்கிறது பள்ளிக்கூடப் பிள்ளையளின்ர கட்டியான அழிறப்பர், புதுசு, மூலை மழுங்காதது. அதை நீளப்பாட்டுக்கு வெட்டி அடியில பேப்பரை இழுத்துப் பிடிச்சால் அச்சாப் புளொக். மட்காட் மாதிரி வளைஞ்ச இடத்துக்கு அழிறப்பரே கொஞ்சம் வளைஞ்சு குடுக்கும், கதவு மாதிரி தட்டையான இடத்துக்கு மரத்துண்டு இன்னும் நல்லம்.

எந்தப் புளொக் எண்டாலும் பாவிக்க முதல் அடியை மட்டம் பண்ணுங்கோ. கண்ணாடித் துண்டு ஒண்டுக்கு மேல 1000 பேப்பரை ஈரமா விரிச்சு அதில புளொக்கை நாலு தரம் இழுக்க, எங்க முட்டுது எங்க முட்டேல்லை எண்டு தெரியும். பிறகு நாலு மூலையையும் கரையையும் அதே பேப்பரில லேசா உருட்டி விடுங்கோ. இதை ஒருத்தரும் செய்யிறேல்லை. கூர் மூலையோட இருக்கிற புளொக் ஒரே ஒருக்கா சரிஞ்சால் காணும், குருணியை விடப் பெரிய கீறல் ஒண்டை நீங்களே போட்டிருப்பியள்.

வோட்டர் பேப்பர் 1500, 2000, 3000 மூண்டும் இருந்தால் காணும், 2500 உம் கிடைச்சால் நல்லம். இலக்கத்துக்கு முன்னால "பி" எண்டு போட்டிருக்கிறதாப் பாத்து வாங்குங்கோ, அது ஒரு அளவுமுறை, அது போடாத பேப்பரில அதே இலக்கம் இருந்தாலும் துகளின்ர அளவு வேற. 2000 இல ஒரு துகள் கிட்டத்தட்ட 10 மைக்கிரோன், 1000 இல 18. கிளியர் 40 தான் எண்டதை நினைச்சுக்கொண்டு எங்க தொடங்கிறது எண்டு நீங்களே முடிவெடுங்கோ. பிறகு மாஸ்கிங் ரேப், கட்டிங் கொம்பவுண்ட், பினிஷிங் பொலிஷ், நாலைஞ்சு மைக்ரோபைபர் துணி, மாக்கர் பேனை, ரெண்டு வாளி. துவாய்த் துண்டு, பழைய சாரம் எல்லாம் கடைசித் துடைப்புக்கு ஆகாது, கறுப்புக் காரெண்டால் துடைச்ச தடமே தெரியும்.

தண்ணி

எங்கட ஊரில இதுக்குத் தனித் தலைப்புத் தேவை. கிணத்துத் தண்ணி சுண்ணாம்புக் கல்லுக்குள்ளால வாறது, கேத்திலுக்குள்ள வெள்ளையாப் படியிறது தெரியும்தானே, அதேதான் காரிலயும் படியும். தேச்ச இடம் காயக் காய வெள்ளைப் பொட்டு விழுந்து, இது தேய்ஞ்ச மாவோ சுண்ணாம்போ எண்டு தெரியாமல் நிப்பியள். வண்டி கழுவக் கிணத்துத் தண்ணி காணும், தேய்க்கிறதுக்கு மட்டும் ஏசியில இருந்து சொட்டுற தண்ணியைப் பிடிச்சு வைச்சுப் பாவியுங்கோ. அதில சுண்ணாம்பு இல்லை. மாரியெண்டால் மழைத்தண்ணி. ரெண்டையும் சீலைத்துணியால வடிச்சு எடுங்கோ, ஒரு மணல் துகள் புளொக்குக்கு அடியில போய்ச் சிக்கினால் சரி, கதை கந்தல்.

அந்தத் தண்ணிக்குள்ள கார் ஷாம்பு ரெண்டு சொட்டு விடவேணும், வழுக்கிக்கொண்டு போறதுக்கு. பேப்பரை அரை மணித்தியாலம் ஊறப்போடுங்கோ. வார்த்த புளொக் எண்டால் முதல்நாள் இரவே போடவேணும்.

தேய்க்கிறது

புதுசா அடிச்ச பெயின்ற் எண்டால் முதல்ல காயவிடுங்கோ. 2கே கிளியர் எங்கட வெக்கையில ரெண்டு மூண்டு நாளில தேய்க்கிற பதத்துக்கு வந்திடும், மறைவான இடத்தில நகத்தால அமத்தத் தடம் விழாட்டி சரி. மாசக்கணக்கில விட்டாலும் தேய்க்கலாம், ஆனா கல்லு மாதிரி இறுகிக் கை நோகும். என்.சி எண்டால் ஆறுதலா விடுங்கோ, உள்ளுக்கு தின்னர் ஆவியாக ஆவியாக அது இறங்கிக்கொண்டே இருக்கும், அவசரப்பட்டுத் தேச்சால் மட்டம் பண்ணின இடம் ரெண்டு கிழமையில பள்ளமாத் தெரியும்.

நேரம் விடிய ஆறரை, ஏழு. வண்டி நிழலில, தகரம் கைக்குக் குளிரா இருக்கவேணும். மாமரத்துக்குக் கீழ விடாதேங்கோ, பால் சொட்டும். வடிவாக் கழுவி, ஷாம்புவோட ரெண்டாந்தரமும் அலசி, செம்பாட்டுத் தூள் ஒண்டும் இல்லை எண்டு கையால தடவிப் பாத்துட்டுத் தொடங்குங்கோ.

குருணியின்ர உச்சியில மாக்கர் பேனையால ஒரு புள்ளி. பக்கத்தில கதவுக் கரையோ, மடிப்புக் கோடோ, கைபிடியோ இருந்தால் அதுக்கு மேல மாஸ்கிங் ரேப் ரெண்டு படை. கரையளிலயும் மடிப்பிலயும் பெயின்ற் மெலிசாத்தான் நிக்கும், ஈரத்தில அது வழிஞ்சு விலகிப்போற இடம், புளொக்கின்ர முழுப் பாரமும் அந்த ஒரு கோட்டில ஏறுற இடமும் அதுதான். நான் கெடுத்தன் எண்டு சொன்ன பொனற் இப்பிடித்தான் போனது. சிவப்பு வண்டி, மடிப்புக்குப் பக்கத்தில ஒரு குருணி, கையில மடிச்ச 1500, ரேப் ஒட்டேல்லை. நாலு இழுவைதான். துடைச்சுப் பாத்தன், துணியில ரோசாக் கலர். குருணி போயிட்டுது, மடிப்பு நெடுக சாம்பல் பிறைமர் ஒரு விரல் நீளத்துக்குச் சிரிச்சுக்கொண்டு நிக்குது. ஒரு குருணிக்கு முழுப் பொனற்றும் திரும்ப அடிச்சது.

2000 இல தொடங்குங்கோ. 1500 பெரிய குருணிக்கும் வழிஞ்ச சொட்டுக்கும் மட்டும். புளொக்கை நனைச்சு, இடத்தையும் நனைச்சு, தட்டையா வைச்சு, புளொக்கின்ர பாரத்தோட உங்கட ரெண்டு விரல் பாரம் மட்டும் குடுத்து முன்னும் பின்னும் நேரா, ஒரு அங்குலம் ஒண்டரை அங்குல நீளத்துக்கு. வட்டமாத் தேய்க்கவேண்டாம், வட்டக் கீறல் கடைசியில மினுக்கேக்க தெரியிறதும் கூட, எந்த நம்பர் போட்ட கீறல் எண்டு பிரிச்சுப் பாக்கவும் ஏலாது. ஐஞ்சு இழுவை, தண்ணி, துடை, பார். திரும்ப ஐஞ்சு. இந்த ஐஞ்சை எண்ணித்தான் செய்யவேணும், வேலை பிடிச்சுக்கொண்டால் கை தன்பாட்டில போய்க்கொண்டே இருக்கும்.

பாக்கேக்க என்ன பாக்கிறது? முதல் ரெண்டு மூண்டு இழுவையில மாக்கர் புள்ளி போய் குருணியின்ர உச்சி மட்டும் மங்கும். பிறகு அந்த மங்கல் உளுந்தளவுக்கு விரியும், அதைச் சுத்தி மினுக்கம் அப்பிடியே நிக்கும், இது நல்ல அடையாளம், புளொக் இன்னும் கும்பியிலதான் நிக்குது. அதுக்குப் பிறகு திடீரெண்டு மங்கல் பெருசாகும், புளொக்கின்ர அகலத்துக்கு விரியும், அப்ப மட்டத்துக்கு வந்திட்டியள் எண்டு அர்த்தம். அந்த இடத்தில நிப்பாட்டவேணும். விரலைக் காயவைச்சு கண்ணை மூடித் தடவிப் பாருங்கோ, கண்ணுக்குத் தெரியாததை விரல் சொல்லும். நடுவில கறுப்பா ஒரு ஊசிமுனைப் புள்ளி தெரிஞ்சால் அது தூசியேதான், ஆழத்தில குந்தியிருக்கு. அதைத் துரத்திக்கொண்டு இறங்கவேண்டாம், மேடு இல்லாட்டி ஒருத்தற்ற கண்ணுக்கும் படாது.

வாற சேத்தையும் பாருங்கோ. கிளியரெண்டால் பால் மாதிரி வெள்ளையா வரும். காரின்ர கலர் துளி தெரிஞ்சாலும் உடன கையை எடுங்கோ, மைனர் மாதிரி ஒரே படைப் பெயின்ற்றைத் தவிர.

2000 முடிய வாளித் தண்ணியை மாத்தி, இடத்தைக் கழுவி, 2500 இல்லாட்டி 3000 எடுத்து இந்தமுறை குறுக்க இழுங்கோ. முந்தி நெடுக இழுத்த கீறல் எல்லாம் மறைஞ்சு குறுக்குக் கீறல் மட்டும் நிக்குமட்டும். திசையை மாத்திறது அதுக்குத்தான், பழைய கீறல் போயிட்டுதோ எண்டு கண்ணால காணலாம். இதில கொஞ்சம் கூடுதலா நிண்டாலும் பறவாயில்லை, 3000 கனக்க வெட்டாது, ஆனா இங்க மினக்கெடுற ஒவ்வொரு நிமிஷமும் பிறகு கொம்பவுண்டில ஐஞ்சு நிமிஷத்தை மிச்சம் பிடிச்சுத் தரும்.

வெள்ளைக் கார் வைச்சிருக்கிற ஆக்களுக்கு

இது ஒருத்தரும் சொல்லித் தராத விஷயம், யாழ்ப்பாணத்தில ரோட்டில போறதில கனக்க வெள்ளைதான், அதால சொல்லுறன். வெள்ளைக் காரில கிளியர் தேய்ஞ்சாலும் வெள்ளைச் சேறு, கிளியர் தீர்ந்து கலர் தேய்ஞ்சாலும் வெள்ளைச் சேறு. அந்த எச்சரிக்கை உங்களுக்கு வராது. அதால இழுவையை எண்ணுறதை விட வழியில்லை, இருபத்தைஞ்சு தாண்டியும் குருணி நிண்டால் விட்டிட்டு மற்றநாள் யோசியுங்கோ. கலர் இலக்கத்தையும் பாருங்கோ. ரொயோட்டாவில 040 எண்டால் சாதா வெள்ளை, 070 எண்டால் முத்து வெள்ளை. முத்து வெள்ளை மூண்டு படையில அடிக்கிறது, வெள்ளை, அதுக்கு மேல முத்துப் படை, பிறகு கிளியர். கிளியர் ஓட்டையாகி முத்துப் படையைத் தொட்டால் அந்த இடம் பழுப்பாவோ செத்த வெள்ளையாவோ நிக்கும், அதைப் பொருத்தி அடிக்கிறது கராஜ்காரருக்கே தலையிடி. 070 காரில நான் 2500 க்குக் கீழ போறேல்லை.

வழிஞ்ச சொட்டு

குருணியை விட இது பெரிய வேலை. கிளியர் வழிஞ்சு நிக்கிறதை எடுக்கலாம், கலரே வழிஞ்சு அதுக்கு மேல கிளியர் அடிச்சிருந்தால் எடுக்கேலாது, தேய்க்கத் தேய்க்கக் கலர் வேறுபாடுதான் வெளியால வரும். சொட்டு மொத்தம் எண்டதால உள்ளுக்குக் கனநாள் பச்சையா இருக்கும், மேல காய்ஞ்ச தோலை மட்டும் நம்பி வெட்டினால் உள்ளே இருக்கிற இளக்கம் இழுபட்டுக் குழி விழும். குறைஞ்சது ஒரு கிழமை விடுங்கோ.

சொட்டுக்கு ரெண்டு பக்கமும் ஒட்டினாப்போல ரேப். சவரப் பிளேட் ஒண்டு எடுத்து ரெண்டு நுனியையும் ரேப்பால சுத்தி, நடுவில சொட்டின்ர அகலத்துக்கு மட்டும் கூரை விட்டுவிட்டு, பிளேட்டை நிமித்திப் பிடிச்சு உங்கட பக்கம் இழுத்துச் சுரண்டுங்கோ. தேங்காய் வழுக்கல் வழிக்கிற மாதிரி மெல்லமா, வெட்டுற மாதிரி இல்லை. மேல உள்ள கும்பி மெலிசா சீவுப்படும். மட்டத்துக்கு வர கொஞ்சம் இருக்கேக்க பிளேட்டை வைச்சிட்டு 1500 புளொக், ரேப் தேயத் தொடங்கினால் மட்டத்துக்குக் கிட்ட வந்திட்டியள், ரேப்பைக் கழட்டிட்டு 2000, பிறகு முந்திச் சொன்ன வழிதான்.

டச்-அப் பொட்டு

கல்லு பறந்து அடிச்ச பொட்டு, நகம் மாட்டுப்படுற கீறல் எல்லாத்துக்கும் இதுதான் வழி. போத்தில் மூடியோட வாற தூரிகையை எறிஞ்சிடுங்கோ, அது ஒரு பொட்டுக்குப் பத்துப் பொட்டின்ர பெயின்ற்றை வைக்கும். தென்னை ஈர்க்கில் ஒண்டைச் சீவி நுனியில ஒரு துளி தொட்டு குழிக்குள்ள விடுங்கோ, தன்பாட்டில பரவி நிக்கும். காய அது இறங்கும், திரும்ப ஒரு துளி. இப்பிடி நாலைஞ்சு தரம், நாளுக்கு ஒண்டு ரெண்டு எண்டு, கலர் மட்டத்துக்குக் கொஞ்சம் கீழ நிக்கேக்க நிப்பாட்டி அதுக்கு மேல டச்-அப் கிளியரை மட்டத்துக்கு மேல முட்டுமட்டும் வையுங்கோ. மெற்றாலிக் கலர் எண்டால் கலரைத் தேய்க்கவே கூடாது, உள்ள இருக்கிற மினுக்கத்தூள் வெட்டுப்பட்டு கறுப்பாத் தெரியும், புளொக் தொடுறது மேல வைச்ச கிளியரை மட்டும்தான். ஒரு கிழமை, முடிஞ்சால் ரெண்டு, காயவிட்டுட்டு சின்னப் புளொக்கால குருணியை எடுக்கிற மாதிரியே எடுங்கோ. டச்-அப் பெயின்ற் சுத்தியிருக்கிற கொம்பனிக் கிளியரை விட மெத்தெண்டு இருக்கும், கெதியா வெட்டுப்படும், இங்க ஐஞ்சு இழுவையே கூட.

மினுக்கிறது

3000 முடிஞ்ச இடம் மூச்சு விட்ட கண்ணாடி மாதிரி மங்கலா நிக்கும், பாத்துப் பயப்பிடாதேங்கோ. சின்ன இடத்துக்கு மெஷின் தேவையில்லை. மைக்ரோபைபரில பயறளவு கட்டிங் கொம்பவுண்ட், கொஞ்சம் அமத்தி, குறுக்கும் நெடுக்கும் ரெண்டு மூண்டு நிமிஷம், துடை, பார், திரும்ப. கை உளையும். பிறகு வேற துணியில பினிஷிங் பொலிஷ். வீட்டில இருக்கிற டிரில்லில மினுக்கிற பஃப் பூட்டி அடிக்கிற ஆக்களும் இருக்கினம், வேகத்தைக் குறைக்கேலாத டிரில் எண்டால் வேண்டாம், ஒரே இடத்தில நிக்க சூடேறி, தேச்சு மிச்சம் பிடிச்ச கிளியரை அது எரிச்சுத் தள்ளிவிடும். பற்பசை போட்டாலும் மினுங்கும் எண்டு சொல்லுவினம், லேசான கீறலுக்குக் கொஞ்சம் வேலை செய்யும், 2000 போட்ட தடத்தை அது எடுக்கவே எடுக்காது.

பொலிஷில எண்ணெய் இருக்கு. அது மிச்சக் கீறலை நிரப்பி மறைச்சுக்கொண்டு நிக்கும், நீங்கள் முடிஞ்சுது எண்டு எழும்பி ரீ குடிக்கப் போவியள், ரெண்டு கழுவலுக்குப் பிறகு கீறல் திரும்ப வந்து நிக்கும். அதால பாமசியில விக்கிற சேர்ஜிக்கல் ஸ்பிரிட்டில கொஞ்சம் துணியில எடுத்துத் துடைச்சுப்போட்டு, ரோச்சைச் சரிச்சுப் பிடிச்சு ஒருக்காப் பாருங்கோ. என்.சி பெயின்ற்றுக்கும் புது டச்-அப்புக்கும் ஸ்பிரிட் வைக்கவேண்டாம். கீறல் தெரிஞ்சால் திரும்ப 3000, திரும்பக் கொம்பவுண்ட். தெரியாட்டி வாக்ஸ் போடலாம், புதுசா அடிச்ச பெயின்ற்றுக்கு மட்டும் ஒண்டு ரெண்டு மாசம் பொறுத்துப் போடுங்கோ, உள்ளுக்கு இருக்கிறது ஆவியாகிப் போக வழி விடவேணும்.

என்ர கதவுக்கு ரெண்டு விடிய எடுத்தது. பதினொண்டில ஒன்பது தடமில்லாமல் போயிட்டுது. ஒண்டு ஆழத்துத் தூசி, கிட்டப்போய்ப் பாத்தால் கறுப்பு ஊசிமுனை தெரியும். மற்றது கைபிடிக்குக் கீழ மடிப்புக்கோட்டில நிக்குது, ரேப் ஒட்டி, புளொக்கை நனைச்சு, மேல வைச்சும் பாத்திட்டு அப்பிடியே எடுத்து வாளிக்குள்ள போட்டுட்டன். இப்பவும் கதவைத் திறக்கேக்க விரலில தட்டுப்படும்.